குளிர் எந்த வழியா வருது

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அவரைப் பொத்தான் டீச்சர் என்றுதான் சொல்வார்கள். பாலர் வகுப்புக்கு டீச்சர். நாலு வயசு, அஞ்சு வயசுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். குளிர்காலத்தில் அதுகள் முற்றத்துக்கு விளையாடப் போக வேண்டுமென்றால் கோட்டு, தொப்பி, கையுறை, பூட்ஸ் என்று ஒரு மூட்டைச் சாமானை மாட்டியாக வேண்டும். வேறு பள்ளிகளில் பார்த்திருக்கிறேன், டீச்சரும் ஆயாவும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, மாவு மூட்டை கட்டுகிற மாதிரி கட்டி வெளியே தள்ளிவிடுவார்கள். பத்து நிமிஷ வேலை. இவர் வகுப்பில் அரைமணி நேரம் ஆகும். பெரியவர்கள் ஒருத்தரும் ஒரு பொத்தானைத் தொடக்கூடாது. அது அங்கே சட்டம். ஒரே பொத்தானோடு ஒரு பிள்ளை ஒரு வாரம் மல்லுக்கட்டும். டீச்சர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தன் கம்பளிச் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார். வாய் திறக்க மாட்டார்.

"நீங்களே போட்டு விட்டா பிள்ளைங்க இன்னும் ரெண்டு சுத்து கூட ஓடுமே டீச்சர்," என்று ஒருநாள் கேட்டேன்.

"வாழ்நாள் பூரா ஓடத்தானே தம்பி போறாங்க," என்றார்.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் பாய்லரும் குழாயும் பார்க்கிறவன். ஆறாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன். டீச்சரைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று எங்கள் வீட்டுக்காரி கேட்டாள். டீச்சரும் பெரிய படிப்புப் படித்தவர் இல்லை, அதனால் எழுதலாம் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

டீச்சர் ஆவதற்கு முன்னால் அவர் கையுறைத் தொழிற்சாலையில் இருந்தவர். அங்கே ஒருத்திக்கு ஒரு வேலை. இவருக்குக் கட்டைவிரல். ஒன்பது வருஷம் கட்டைவிரல் மட்டுமே தைத்தார். "முழுக் கையுறை எப்படி இருக்கும்னு கடைக்குப் போய்த்தான் பார்த்தேன்," என்பார். தொழிற்சாலையை மூடினார்கள். பாலர் வகுப்பைக் கூட்டித் துடைக்கிற ஆயாவாக இங்கே வந்தார். அப்போது அவருடைய சின்ன மகளும் அதே வகுப்பில் படித்தாள். அப்போதிருந்த டீச்சர் சீக்கில் படுத்தபோது நாலு மாசம் இவர்தான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். அதற்கப்புறம் சாயங்கால வகுப்புக்குப் போய் முப்பத்தாறாவது வயசில் ஒரு பயிற்சிச் சான்றிதழ் வாங்கினார். பட்டம் கிடையாது. அது அவருக்கு ஒரு முள். வெளியே காட்ட மாட்டார், ஆனால் புதுசாக ஒரு டீச்சர் சேர்ந்தால் என்ன படித்திருக்கிறாள் என்று முதலில் விசாரிப்பார்.

வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். மூடி, சாவி, நூல்கண்டு, அறுந்த ஜிப்பு என்று எதையும் தூக்கிப் போடாமல் இவர் பள்ளிக்குக் கொண்டு வந்துவிடுவதைப் பார்த்து அவர் சொன்னாராம்: "குப்பை வண்டிக்காரன் நம்ம வாசல்ல நின்னு, எனக்கும் ஏதாச்சும் மிச்சம் வையுங்கம்மான்னு அழறான்டி."

பாலர் வகுப்பு பள்ளிக்குப் பின்னால் பழைய கட்டடத்தில் தனியாக ஒரே பெரிய அறை. பெஞ்சு கிடையாது. தாழ்வான மேசை நாலு, தரை முழுக்கப் பாய், பிள்ளைகள் உயரத்துக்குக் கை கழுவும் தொட்டி. ஜன்னலுக்குக் கீழே விலா எலும்பு மாதிரி இரும்பு ஹீட்டர் மூன்று. கீழே பாய்லரில் நான் காய்ச்சுகிற தண்ணீர் அவற்றின் வழியாக ஓடும். ஹீட்டரைச் சுற்றி மரச்சட்டத் தடுப்பு. வடக்குச் சுவருக்கு வெளியே வெறும் மைதானம். காற்று எங்கேயும் முட்டாமல் நேரே வந்து அந்தச் சுவரில்தான் மோதும்.

குளிர் வந்துவிட்டால் மற்ற இடங்களில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படம் போட்ட தாளைக் கையில் கொடுப்பார்கள். இதற்கு வெள்ளை அடி, அதற்கு நீலம் அடி. டீச்சருக்குத் தாள் ஆகாது. குளிரையே உள்ளே கூட்டிவந்து பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவார். ஒரு சாயங்காலம் ரப்பர் கையுறையில் தண்ணீர் ஊற்றி முடிச்சுப் போட்டு முற்றத்தில் தொங்கவிட்டார்கள். காலையில் ரப்பரைக் கத்தரித்து உரித்தால் உள்ளே ஐஸ் கை. அஞ்சு விரலும் அப்படியே. பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து அதற்குக் கை கொடுத்து "வணக்கம், சௌக்கியமா?" என்று கேட்டன. அப்புறம் ஒரு விரலுக்கு உப்பு, ஒரு விரலுக்கு வெந்நீர்த் துணி, ஒரு விரலுக்குக் கம்பளி, ரெண்டு விரல் சும்மா. எது முதலில் விழும்? ஆளாளுக்குப் பந்தயம்.

எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிற ஒரு பெண் குழந்தை உண்டு. ஏன் பாப்பா என்றே பேர். அவள் கம்பளி விரல்தான் முதலில் விழும் என்று அடித்துச் சொன்னாள், கம்பளி சூடாயிற்றே. கடைசி வரை நின்றது அந்த விரல்தான். "ஏன்? ஏன் விழல?" என்று அவள் அழவே ஆரம்பித்துவிட்டாள். டீச்சர் அவள் கையில் ஒரு கம்பளிக் கையுறையைக் கொடுத்து, "இதுக்குள்ள சூடு இருக்கான்னு தேடு," என்றார். தேடினாள். மேசை மேல் கிடந்த கையுறை ஜில்லென்று இருந்தது. கையை விட்டுக் கொஞ்ச நேரம் வைத்தால் சூடு. எடுத்துவிட்டால் மறுபடி ஜில். சாயங்காலம் போகும்போது அவள் அம்மாவிடம், "சூடு என்னுதும்மா, கையுறை அதைப் பிடிச்சு வச்சுக்குது," என்று சொல்லிக்கொண்டு போனாள்.

நான் வால்வைத் திருகிக்கொண்டு அங்கேதான் இருந்தேன். பதினோரு வருஷமாகப் பாய்லர் குழாய்க்குப் பஞ்சு சுற்றுகிறவன். பஞ்சு சூடு தராது, போகவிடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான் என்பது என் மண்டைக்கு அன்றைக்குத்தான் ஏறியது.

இன்னொரு வேலையும் தினம் நடக்கும். சுவரில் ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறது. நம்பர் படிக்கத் தெரியாத பிள்ளைகள் அல்லவா? அதனால் காலை ஒன்பது மணிக்கு ஒரு பிள்ளை சிவப்புக் கம்பளி நூலைப் பிடித்துத் தெர்மாமீட்டரில் சிவப்புக் கோடு எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளம் வெட்டும். அதைச் சுவரில் ஒட்டிய காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவார்கள். குளிர்காலம் பூராவும் அந்தச் சுவரில் சிவப்பாக ஒரு வேலி மாதிரி நிற்கும். இந்த வருஷம் அந்த வேலி நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டே வந்தது.

வம்பு அதில்தான் ஆரம்பித்தது. சின்னப் பிள்ளைகள் இருக்கிற அறை காலை ஒன்பது மணிக்குப் பதினெட்டு டிகிரியாவது இருக்க வேண்டும் என்று விதி. அந்த அறை பத்து நாளாகப் பதினாறைத் தாண்டவில்லை. ஒரு பிள்ளையின் அப்பா புகார் எழுதிப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை பள்ளி மேனேஜர் வந்தார். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் காகிதத்தில் இருப்பதைத்தான் அவர் கண் பார்க்கும்.

"டீச்சர், வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வந்து பார்ப்பேன். பதினெட்டு இல்லேன்னா இந்த ரூமைப் பூட்டிடறோம். பிள்ளைங்களைப் பெரிய கட்டடத்துல ரெண்டாவது மாடிக்கு மாத்திடலாம். அங்க பெஞ்சு எல்லாம் போட்டு ரெடியா இருக்கு."

"என்னை?" என்று டீச்சர் கேட்டார்.

"அங்க புது டீச்சர் இருக்காங்களே, பட்டம் படிச்சவங்க. வகுப்பு அவங்க பேர்ல இருக்கும். நீங்க கூடமாட உதவியா இருந்துக்குங்க. சம்பளத்துக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

"சரி சார்," என்றார் டீச்சர்.

அவ்வளவுதான் சொன்னார். அவருக்கு ஐம்பத்து நாலு வயசு. ஆயாவாக நுழைந்து டீச்சர் ஆன மனுஷியை மறுபடியும் ஆயா ஆக்குகிறார்கள். அதற்கு அவர் 'சரி சார்' என்றார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. மேனேஜர் என் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, உன் பாய்லர் என்னதான் பண்ணுது?" என்று கேட்டார்.

"பாய்லர் சிங்கம் மாதிரி இருக்கு சார். கட்டடம்தான் கிழடு. செவுரு பூரா சூட்டைக் குடிச்சிடுது," என்றேன்.

நெஞ்சறிய அப்படித்தான் நம்பினேன். செவ்வாய்க்கிழமை மூன்று ஹீட்டரையும் கழற்றி உள்ளே இருந்த துருவைக் கழுவினேன். புதன்கிழமை பம்பைப் பிரித்துப் பூட்டினேன். கை வைத்தால் தீய்ந்துவிடும் போல ஹீட்டர் கொதிக்கிறது, அறை மட்டும் பதினாறு. புதன் சாயங்காலம் பிள்ளைகள் போனபின் டீச்சரிடம் போனேன்.

"டீச்சர், ஒரு யோசனை. தெர்மாமீட்டரைக் கழட்டி ஹீட்டருக்கு மேல மாட்டிடுறேன். பதினெட்டு என்ன, இருபத்தஞ்சு காட்டும்."

அவர் சிரித்தார். "நூல் வெட்டுறது யாரு? நானா? ஒரு ராத்திரியில நூல் ஒரு சாண் வளர்ந்துட்டா அதுங்க என்னைச் சும்மா விடுமா? ஏன் பாப்பா ஒருத்தி போதும், என்னை ஜெயில்ல போட."

"அப்போ மாடிக்குப் போறீங்களா?"

அவர் மூடிகளை ஜாடியில் போட்டுக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் ஒரு ஜாடி, தகரம் ஒரு ஜாடி. பிறகு சொன்னார்: "தம்பி, சூடு வர்ற வழியையே ரெண்டு நாளாப் பார்த்துட்டிருக்கீங்க. குளிர் எந்த வழியா வருது?"

"எல்லா வழியாவும்தான் வருது. பழைய செவுரு டீச்சர்."

"எல்லா வழியாவும்னா, ஒரு வழியும் தெரியலேன்னு அர்த்தம்," என்றார்.

எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

வியாழக்கிழமை காலை நான் ஹீட்டர் வால்வைத் திறந்து உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றிக்கொண்டிருந்தபோது அவர் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து அதே கேள்வியைப் போட்டார். குளிர் எந்த வழியா வருது? ஜன்னல் வழியா என்றது ஒன்று. கதவு வழியா. அப்பா கோட்டு வழியா. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடக்கிற ஒரு பையன் உண்டு, இன்ஸ்பெக்டர் என்று நாங்கள் கூப்பிடுவோம். அவன் எழுந்து, "எங்க வீட்டுல மூக்கு வழியா வரும்," என்றான்.

ஆளுக்கொரு குச்சி கொடுத்தார். நுனியில் நூல், நூலின் முனையில் மெல்லிசான காகிதக் கீற்று. அரிசித் தவிடு எடையில் இருக்கும், ஊதினால் ஆடும். ஆளுக்கு ஒரு பொத்தானும் கொடுத்தார். "மூச்சை மெதுவா விடணும். குச்சியை ஆட்டக்கூடாது. காகிதம் அதுவா எங்க ரொம்ப ஆடுதோ அங்க தரையில பொத்தானை வச்சிட்டு வந்துடணும்."

இருபத்திரண்டு பிள்ளைகளும் திருடனைப் பிடிக்கப் போகிற மாதிரி சுவரோரம் தவழ்ந்தன. சத்தமே இல்லை. அந்த வகுப்பு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஒன்று தன் மூச்சிலேயே காகிதம் ஆட, குளிர் தன் வாயிலிருந்துதான் வருகிறது என்று பயந்து வாயைப் பொத்திக்கொண்டது. ஜன்னலடியில் மூன்று பொத்தான் விழுந்தது. கதவுக்குக் கீழே நாலு. நான் வாய்க்குள் சிரித்துக்கொண்டேன். இதெல்லாம் எனக்குத் தெரியாததா?

அப்புறம் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற அலமாரி முன்னால் ஒரு கூட்டம் சேர்ந்தது. ஒவ்வொன்றாகப் பொத்தான் விழுந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினஞ்சு. ஏன் பாப்பா அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் குச்சியை நீட்டியபோது காகிதம் ஆடவில்லை, படுக்கைவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றது.

"டீச்சர்! இது பறக்குது! ஏன்?"

"பைப்பு மாமா," என்றார் டீச்சர், பிள்ளைகள் என்னைக் கூப்பிடுகிற பேரிலேயே, "அலமாரியைக் கொஞ்சம் நகர்த்துங்களேன்."

நகர்த்தினேன். அதற்குள்ளேயே எனக்கு இடம் ஞாபகம் வந்துவிட்டது. போன கோடையில் அந்தத் தொட்டிக்கு வடிகுழாய் போட நான்தான் சுவரைத் துளைத்தேன். முக்கால்வாசி போனபின் உள்ளே இரும்புக் கம்பி குறுக்கே வந்தது. ஒதுங்கிக் குழாய் போக இடமில்லை. ஆத்திரத்தில் வெளிப்பக்கமிருந்தும் துளைத்துப் பார்த்தேன், ஓட்டை ரெண்டு பக்கமும் திறந்துகொண்டதே தவிர, கம்பி அப்படியே நின்றது. ஒரு சாண் தள்ளி வேறு துளை போட்டு வேலையை முடித்தேன். முதல் துளையில் பழந்துணியைச் சுருட்டி அடைத்து, நாளைக்குச் சிமெண்டு பூசிக்கலாம் என்று போனேன். மறுநாள் லீவுக்குப் பூட்டியிருந்த பள்ளியில் வேறெங்கோ குழாய் வெடித்தது. அதற்கப்புறம் யாரோ அங்கே அலமாரியை நகர்த்தி வைத்துவிட்டார்கள். நானும் மறந்தேன். துணி எப்போது காற்றில் கழன்று விழுந்ததோ தெரியாது. என் கை முஷ்டி நுழைகிற ஓட்டை. அதன் வழியாக மைதானத்துக் காற்று பிள்ளைகள் உட்காருகிற தரை மட்டத்துக்கு நேராக அடித்துக்கொண்டிருந்தது. நான் மூன்று நாளாக ஹீட்டரைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"யாரு இதுல ஓட்டை போட்டா?" என்று கேட்டான் இன்ஸ்பெக்டர்.

இருபத்திரண்டு முகம் என்னையே பார்த்தது.

"எலி," என்றேன்.

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு சின்னப் பையனுக்குப் பயந்து ஒரு தடியன் சொன்ன பொய். பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். எவ்வளவு பெரிய எலி, பல்லு எவ்வளவு நீளம், சுவரைத் தின்றால் அதற்கு வயிறு வலிக்காதா என்று பிடித்துக்கொண்டன. டீச்சர் குனிந்து ஓட்டையைப் பார்த்தார். விளிம்பை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

சாயங்காலம் சிமெண்டு குழைத்துக்கொண்டு வந்தேன். அவர் கோட்டு மாட்டிக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று, "தம்பி," என்றார். "ரொம்ப வட்டமா வேலை செய்யிற எலி."

நான் கரண்டியைச் சிமெண்டில் போட்டுக் கிளறிக்கொண்டே இருந்தேன். அவர் போய்விட்டார்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரி என்ன ஏது என்று கேட்டாள். சொன்னேன். "நாளைக்குப் போய்ச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே?" என்றாள். ஓட்டையைத்தான் அடைத்தாகிவிட்டதே, சூடு வந்துவிடும், அறையும் தப்பித்துவிடும், சொல்லி என்ன ஆகப் போகிறது என்று கேட்டேன். "அப்புறம் ஏன் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்கீங்க?" என்றாள்.

வெள்ளிக்கிழமை விடியும் முன்பே பாய்லரை மூட்டினேன். ஜன்னலடியையும் கதவடியையும் பஞ்சுப் பட்டையால் அடைத்தேன். எட்டே முக்காலுக்குப் பதினேழரை. ஒன்பதுக்கு மேனேஜர் கையில் காகிதத்தோடு நுழைந்தபோது சிவப்புக் கோடு பதினெட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஒரு பிள்ளை நூலை வெட்டி ஒட்டியது. பக்கத்து நூலைவிட விரற்கடை அளவு உயரம். பிள்ளைகள் கை தட்டின. எனக்கு மூச்சு வந்தது.

மேனேஜர் தலையை ஆட்டிக்கொண்டே, "பரவாயில்லையே. என்ன பண்ணீங்க?" என்றார்.

பெரியவர்கள் யாரும் வாய் திறக்கும் முன் இன்ஸ்பெக்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். "செவுத்துல எலி ஓட்டை போட்டுச்சு சார். இவ்ளோ பெரிசு. நாங்கதான் கண்டுபிடிச்சோம்."

மேனேஜர் முகம் மாறிவிட்டது. "எலியா?"

"செவுத்தையே தின்னுடுச்சு!" என்றது இன்னொன்று. "பல்லு இவ்ளோ நீளம்!"

"டீச்சர், பிள்ளைங்க மத்தியானம் இந்தப் பாயில தானே தூங்குதுங்க? செவுத்தைக் குடையிற எலி இருக்கிற ரூம்லயா?" காகிதத்தை மேசை மேல் வைத்துப் பேனாவை எடுத்தார். "குளிர்கூடப் பரவாயில்ல. இதை நான் எப்படி விட முடியும்? கட்டடம் கிழடுன்னு அன்னைக்கே இவன் சொன்னான். இன்னைக்கே பூட்டிடலாம். திங்கக்கிழமையிலேர்ந்து மாடி."

டீச்சர் நின்ற இடத்திலேயே நின்றார். என்னைப் பார்க்கவில்லை. பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதுகளுக்கு ஒன்றும் புரியவில்லை, தாங்கள் கண்டுபிடித்ததற்கு இன்னும் கை தட்டல் வரும் என்று நின்றன.

"எலி இல்ல சார்," என்றேன்.

"என்ன?"

"இந்த ரூம்ல எலி கிடையாது. ஓட்டை நான் போட்டது. போன கோடையில, குழாய்க்கு. கம்பி இடிச்சது, வேற இடத்துல போட்டேன். இதை அடைக்காம விட்டுட்டேன். கட்டடம் கிழடும் இல்ல சார். செவுரு நல்ல செவுரு. அந்தக் கம்பி இருக்கே, என் டிரில்லையே வளைச்சிடுச்சு."

"நீயா? அப்போ மூணு நாளா ஹீட்டரைக் கழட்டி மாட்டினியே?"

"மறந்துட்டேன் சார். நேத்து பிள்ளைங்க காட்டினப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு. வந்தும் எலின்னு சொல்லிட்டேன்."

ஏன் பாப்பா தெளிவாகச் சொன்னாள்: "பைப்பு மாமா பொய் சொன்னாரு."

"ஆமா," என்றேன்.

"ஏன்?"

மேனேஜரிடம் பதில் சொல்லிவிட்டேன். இவளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "பயந்துட்டேன் பாப்பா."

"யாருக்கு?"

"உங்க எல்லாருக்கும்தான்."

அவள் யோசித்தாள். நான் அவ்வளவு பெரிய உடம்போடு தனக்குப் பயந்ததை அவள் நம்பவில்லை என்று தெரிந்தது. இன்ஸ்பெக்டருக்கு அதைவிட எலி இல்லாமல் போனதுதான் பெரிய நஷ்டம். "குட்டி எலிகூடவா இல்ல?" என்று கேட்டான்.

மேனேஜர் அலமாரியை நகர்த்தச் சொல்லி, பூசின இடத்தைத் தட்டிப் பார்த்தார். குனிந்து மூலை மூலையாக எலிப் புழுக்கை தேடினார். ஒரு மேனேஜர் முட்டி போட்டுத் தவழ்வதைப் பார்த்த பிள்ளைகளும் அவர் பின்னாலேயே தவழ்ந்து தேடின. ஒரு மூடியும் ரெண்டு பொத்தானும்தான் கிடைத்தது. எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "உனக்கு எழுத்துல ஒரு எச்சரிக்கை வரும். அடுத்த தடவை வேற ஆள் பார்த்துப்போம்," என்றார். சரி சார் என்றேன். பிறகு தன் காகிதத்தை எடுத்து நாலு வரி அடித்துவிட்டு வேறு நாலு வரி எழுதினார். அறை அதே இடத்தில், அதே ஆசிரியர் பொறுப்பில், குளிர்காலம் முடிகிறவரை. அதற்கப்புறம் மறுபடி பார்க்கலாம். நிரந்தரம் என்று எழுதவில்லை. கேட்கவும் யாருக்கும் தைரியம் இல்லை.

"கையெழுத்துப் போட்டு மத்தியானத்துக்குள்ள ஆபீசுல கொடுத்துடுங்க டீச்சர்," என்று சொல்லிப் போய்விட்டார்.

வகுப்பு ஆயாம்மா பிள்ளைகளைக் கை கழுவத் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனாள். நான் என் சாமான் பையை எடுத்துக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன்.

"நேத்தே உங்களுக்குத் தெரியும்ல டீச்சர்? அவர் பூட்டறேன்னு சொன்னப்போகூட நீங்க ஏன் சொல்லல?"

"சொல்லியிருப்பேன் தம்பி. வாயைத் திறந்துட்டேன். நீங்க முந்திக்கிட்டீங்க," என்றார். "இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா உங்க பேரைச் சொல்லித்தான் இருப்பேன். என் ரூம் எனக்கு வேணும்."

எனக்குக் கோபம் வரவில்லை. சொல்லப் போனால் நிம்மதியாக இருந்தது. அந்த 'சரி சார்' உண்மையான சரி இல்லை என்று தெரிந்துகொண்டதில்.

அவர் காகிதத்தை ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். 'அதே ஆசிரியர்' என்கிற இடத்தில் விரல் நின்றது. என் சட்டைப்பையில் இருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார். தாழ்வான மேசையில் குனிந்து கையெழுத்துப் போடப் போனார், பேனா முனை காகிதத்தில் டக்டக்கென்று தட்டியது. ஒன்பது வருஷம் கட்டைவிரல் தைத்த கை. ஊசியில் நூல் கோர்க்கிற கை. அது நடுங்கி நான் பார்த்ததே இல்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போட்டு முடித்தார்.

"குளிர்ல கை நடுங்குது தம்பி," என்றார்.

தெர்மாமீட்டர் அப்போது பத்தொன்பதில் நின்றது. நான் போய் ஹீட்டர் வால்வை இன்னும் ஒரு சுற்றுத் திறந்துவிட்டேன்.